வைத்தவர் ஒருவர், எடுப்பவர் யார்?

சிகாகோவில் ஒரு இளம்பெண் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கருப்பைக்குள் இருந்த காப்பர்-டி அந்த அதிர்ச்சியில் இடம் மாறிவிட்டது. வலியும் உதிரப்போக்கும் நிற்காததால் மகப்பேறு மருத்துவரிடம் போனார். மருத்துவர் பரிசோதித்தார். கருவி நகர்ந்திருப்பதைக் கண்டார், எடுத்துவிட வேண்டியதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதைத் தன்னால் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சார்ந்திருந்த மருத்துவமனை கத்தோலிக்க நிர்வாகத்தின் கீழ் இருந்தது. கருத்தடை சம்பந்தப்பட்ட எதிலும் கை வைக்கக் கூடாது என்பது அங்கே விதி.

2016-ல் இது புகாராக வெளியே வந்தது. அந்தப் பெண்ணின் காப்பீடு ஒரு குறிப்பிட்ட மருத்துவர் குழுவிடம் மட்டுமே செல்லும். அந்தக் குழுவில் இருந்த எல்லோரும் அதே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டி வேறு மருத்துவரிடம் போய்ச் சேரும்வரை வலியோடு காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அமெரிக்க மருத்துவமனைப் படுக்கைகளில் ஏறக்குறைய ஆறில் ஒன்று கத்தோலிக்க விதிகளின் கீழ் இருப்பதாக அதே ஆண்டில் ஒரு கணக்கு வெளியானது. எனவே இதை எங்கோ ஒரு மூலையில் நடந்த விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது.

மத நம்பிக்கைக்கும் மருத்துவ உரிமைக்கும் நடக்கும் வழக்கமான சண்டை என்று இதைக் கடந்து போகலாம். சற்று நின்று பார்த்தால்தான் இதில் உள்ள விசித்திரம் தெரிகிறது. கருத்தடை தவறு என்று நம்பும் ஒருவர் காப்பர்-டி வைக்க மறுத்தால் அதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. எடுக்க மறுப்பதில் என்ன தர்க்கம்? எடுத்துவிட்டால் கருத்தடையே முடிந்துபோகிறது. தவறு என்று தான் கருதும் ஒன்றை நீக்கும் வாய்ப்பு கைக்கு வந்தும் ஒரு மனசாட்சி அதைத் தள்ளிவிடுமா? வைப்பதும் எடுப்பதும் அறத்தில் ஒரே செயல்தானா, வெவ்வேறு செயல்களா? உடலுக்குள் அலையும் ஒரு சின்னக் கருவி இந்தக் கேள்வியைக் கிளப்புகிறது. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கத்தோலிக்கர்கள் மட்டும் இல்லை.

முதலில் கருவியைப் பார்த்துவிடலாம். பரவலாகப் புழங்கும் 380ஏ வகையை உள்ளங்கையில் வைத்தால் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் வெள்ளைப் பிளாஸ்டிக். குறுக்கே 32 மில்லிமீட்டர், நீளம் 36 மில்லிமீட்டர். நடுத்தண்டில் மெல்லிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். இரண்டு கைகளிலும் ஒவ்வொரு செம்புப் பட்டை. செம்பின் மொத்தப் பரப்பு 380 சதுர மில்லிமீட்டர். பெயரில் இருக்கும் எண் அதுதான். தண்டின் அடியில் 3 மில்லிமீட்டர் அளவில் ஓர் உருண்டை. கருப்பை வாயைக் குத்திக்கொண்டு தண்டு இறங்கிவிடாமல் இருக்க அது. உருண்டையில் கட்டிய நூல் கருப்பை வாய் வழியாக வெளியே எட்டிப்பார்க்கும். பிளாஸ்டிக்கில் பேரியம் சல்பேட் கலந்திருக்கும். எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்பதற்காக. இது தொலைந்துபோகலாம், தேட வேண்டி வரலாம் என்பதைச் செய்தவர்களே முன்கூட்டி யோசித்திருக்கிறார்கள்.

தொலைந்து போவதும் உண்டு. நூல் தட்டுப்படவில்லை என்று வரும் பெண்களில் பலருக்கு நூல் மட்டும் மேலே சுருண்டிருக்கும். சிலருக்குத் தெரியாமலே கருவி வெளியே விழுந்திருக்கும். மிகச் சிலருக்கு அது கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் போயிருக்கும். ஐரோப்பாவின் ஆறு நாடுகளில் 61,448 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில், செம்புக் கருவி வைத்த ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இது நேர்ந்திருந்தது. செம்புக்குப் பதில் ஹார்மோன் வெளியிடும் கருவியில் சற்றே கூடுதல். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வைத்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய ஆறு மடங்கு. பெரும்பாலும் கருவி வைக்கும் அந்த நிமிடத்திலேயே துளை தொடங்கிவிடுகிறது. தெரியவருவது மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து. ஆயிரத்தில் ஒன்று என்பது சிறிய எண். காப்பர்-டி நம்பகமான, பாதுகாப்பான முறை என்பதை அது மாற்றிவிடாது. ஆனால் கோடிக்கணக்கான பெண்கள் பயன்படுத்தும் ஒரு பொருளில் ஆயிரத்தில் ஒன்று என்றால் பெரிய கூட்டம்.

வயிற்றுக்குள் போன கருவி சும்மா இருப்பதில்லை. சிறுநீர்ப்பைக்குள் புகுந்தால் அதைச் சுற்றிக் கல் கட்டிக்கொள்கிறது. குடலைத் துளைத்ததும் உண்டு. பல நேரங்களில் குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரை நகர்ந்து வந்து கருவியைப் போர்த்திக்கொள்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு ரூதர்ஃபோர்டு மாரிசன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இந்தத் திரையை வயிற்றின் காவலர் என்று அழைத்தார். எங்கே கோளாறோ அங்கே போய் வளைத்துக்கொள்ளும் என்பதால். லேப்ராஸ்கோப்பி செய்பவர்கள் மானிட்டரில் காண்பது பெரும்பாலும் இதைத்தான்: மஞ்சள் கொழுப்புக்குள் புதைந்த ஒரு வெள்ளை முனை, அதிலிருந்து நீளும் நூல். செம்பு சுற்றுப்புறத் திசுக்களைப் புண்ணாக்கி ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். மெல்ல மெல்லப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்த நிலையில் அந்தப் பொருளைக் கருத்தடைக் கருவி என்று சொல்வதே சரியா? கருப்பைக்கு வெளியே போன காப்பர்-டியை நம்பிக் கருத்தரிக்காமல் இருக்க முடியாது. கருத்தரித்த பிறகு ஸ்கேன் எடுத்தபோதுதான் கருவி இடம் மாறியதே தெரிந்தது என்பதும் நடக்கிறது. மதங்கள் எதிர்த்த வேலையை அது இப்போது செய்யவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2014 ஜூன் 30 அன்று 5-4 என்ற கணக்கில் முடிந்த, ஹாபி லாபி என்ற நிறுவனத்தின் வழக்கில், கருவான முட்டை கருப்பையில் ஒட்டுவதை இந்தக் கருவிகள் தடுக்கக்கூடும் என்பதுதான் அந்த நிறுவனத்தின் முதலாளிக் குடும்பத்தின் ஆட்சேபம். செம்பு முதன்மையாக விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்து கருவாகாமலே தடுக்கிறது என்பது மருத்துவத் தரப்பு. யார் சரி என்பதை இங்கே தீர்க்கத் தேவையில்லை. அந்த வாதம் முழுவதும் கருப்பைக்குள், தன் இடத்தில் இருக்கும் கருவியைப் பற்றியது. குடல்பக்கம் கிடப்பது பிளாஸ்டிக்கும் செம்பும், அவ்வளவுதான். அதைப் பற்றிய அறக் கேள்வி, உள்ளே தங்கிவிட்ட ஊசிமுனையைப் பற்றிய கேள்வியிலிருந்து வேறுபடுவதில்லை.

கத்தோலிக்க மரபை அதன் சொந்த நூல்களைக் கொண்டே அணுகினாலும் இந்த முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. 1968 ஜூலை 25 தேதியிட்டுப் போப் ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை மறுத்தது. அதே மடல், நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சை கருவுறுதலைத் தடுத்தாலும், அந்தத் தடை சிகிச்சையின் நோக்கமாக இல்லாதவரை, அதில் தவறில்லை என்றும் சொன்னது. உடலின் நோவுக்கு மருந்திடும் கையை அது கட்டவில்லை. பிறர் செய்யும் பாவத்தில் ஒருவர் எந்த அளவுக்குப் பங்காளி ஆகிறார் என்பதைக் கத்தோலிக்க அறவியல் நூற்றாண்டுகளாக நுணுக்கமாக விவாதித்திருக்கிறது. தவறான நோக்கத்தோடு ஜன்னல் ஏறும் எஜமானனுக்கு ஏணி பிடிக்கும் வேலைக்காரன் குற்றவாளியா என்ற கேள்வி அந்த விவாதத்தில் பிரசித்தம். வேலைக்காரனுக்குக் குற்றமில்லை என்ற தளர்வான கருத்தை 1679-ல் போப் பதினோராம் இன்னொசென்ட் கண்டித்தார். அடுத்த நூற்றாண்டில் அல்போன்ஸ் லிகோரி அதை மேலும் அலசினார். ஏணி பிடிப்பவரைப் பற்றித்தான் அவர்கள் கவலைப்பட்டார்கள். ஏணியை அகற்றுபவரைக் குற்றவாளி ஆக்கும் வாதம் அந்த மரபில் எங்கிருந்து வரும்?

நிறுவனங்களின் தரப்பில் ஒரு தயக்கம் இருக்கக்கூடும் என்பதையும் பார்க்க வேண்டும். பழையதை எடுத்ததும் புதியதை வைக்கச் சொல்வார்கள், பாதியில் நிறுத்த முடியாது என்று அவர்கள் எண்ணலாம். எடுப்பதும் வைப்பதும் தனித்தனிச் செயல்கள். எடுத்து முடித்து, இங்கே புதிது வைப்பதில்லை, இன்ன இடத்தில் வைப்பார்கள் என்று சொல்லி அனுப்பலாம். அமெரிக்க ஆயர்கள் தங்கள் மருத்துவமனைகளுக்கு வகுத்த நெறிமுறைகளில், கருத்தடையை ஊக்குவிக்கவோ ஆதரிக்கவோ கூடாது என்ற விதி இருக்கிறது. வலியில் துடிப்பவரின் உடலிலிருந்து நகர்ந்துபோன கருவியை எடுப்பது எப்படி ஊக்குவிப்பதாகும் என்பதற்கு அந்த விதியை எத்தனை முறை படித்தாலும் பதில் கிடைக்காது. விதியை எழுதியவர்களைவிட அதைப் பார்த்து அஞ்சுபவர்கள் கூடுதலாகக் கடுமை காட்டுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. மத நிறுவனங்களில் இது பழைய வியாதி.

உண்மையிலேயே கடினமான கேள்வி வேறொன்று. கருவி கருப்பைக்குள் இருக்கும்போதே கரு உண்டாகிவிட்டால் என்ன செய்வது? அப்படியே விட்டால் ஏறக்குறைய பாதிக் கர்ப்பங்கள் கலைகின்றன. கிருமித் தொற்று தாயின் உயிருக்கே உலை வைக்கலாம். 1970-களில் டால்கன் ஷீல்டு என்ற கருவி வைத்த பெண்கள் சிலர் அமெரிக்காவில் இப்படித்தான் இறந்தார்கள். அதன் நூல் பல இழைகளை உறையிட்டுச் செய்தது. இழைகளின் நடுவே கிருமிகள் மேலே ஏறின. 1974-ல் அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றது. நூல் தெரியும்போது கருவியை ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டால் கலையும் வாய்ப்பு ஏறக்குறைய கால்வாசியாகக் குறைகிறது. ஆனால் எடுக்கும் செயலே அந்தக் கருவைக் கலைத்துவிடவும் கூடும். கருவைத் தொடக்கத்திலிருந்தே முழு உயிராக மதிப்பவருக்கு இது சாதாரணத் தர்மசங்கடம் இல்லை. எதுவும் செய்யாமல் விட்டால் இயற்கையின் மேல் பழி. செய்தால் தன் கையின் மேல்.

13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தற்காப்பைப் பற்றி எழுதும்போது ஒரு வழி காட்டினார். ஒரு செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம். செய்பவர் நாடியது ஒன்று, நாடாமல் கூட வந்தது இன்னொன்று. தன் உயிரைக் காக்க நினைத்து அளவோடு அடித்தவர் கொலையை நாடியவர் ஆவதில்லை. பின்னால் வந்தவர்கள் இதை விரித்து ஒரு கோட்பாடாக்கினார்கள். கருவியை எடுக்கும் மருத்துவர் நாடுவது தாயும் கருவும் பிழைப்பதை. கலைந்தால் அது நாடாத விளைவு. எடுப்பதால் கருவுக்கே வாய்ப்பு கூடுகிறது என்னும்போது இந்தக் கோட்பாட்டில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. கர்ப்பத்தின் நடுவே எடுப்பதற்கே இடம் கொடுக்கும் சிந்தனை மரபில் நின்றுகொண்டு, கர்ப்பமே இல்லாத ஒரு பெண்ணுக்கு எடுக்க மறுப்பது அந்த மரபுக்கே செய்யும் அநீதி.

மற்ற மதங்களில் கேள்வி வேறு வாசல் வழியாக வருகிறது. யூத மதச் சட்டத்தில் மாதவிடாய் நாட்களில் தம்பதியர் விலகியிருக்க வேண்டும். காப்பர்-டி வைத்தால் இடையிடையே உதிரம் படலாம், விலகியிருக்கும் நாட்கள் நீளலாம். ஆனால் அந்தச் சட்டம் கருப்பையின் இயல்பான உதிரத்தையும் காயத்தின் ரத்தத்தையும் வேறாகப் பார்க்கிறது. கருவி உரசிப் புண்ணாகி வந்த ரத்தம் என்று நிச்சயமானால் விலகியிருக்கத் தேவையில்லை. அதனால் ராபிகள் மருத்துவரைக் கேட்கிறார்கள்: ரத்தம் எங்கிருந்து வருகிறது? கருவி எங்கே இருக்கிறது? மதத் தீர்ப்பு பரிசோதனை அறையின் விடைக்காகக் காத்திருக்கிறது.

இஸ்லாத்தில் கருத்தடை பற்றிய விவாதம் மிகப் பழையது. 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தன் இஹ்யா நூலில் கரு உண்டாகாமல் தடுப்பதை அனுமதித்தார். உருவாகிவிட்ட ஒன்றை அழிப்பது வேறு என்று பிரித்தும் காட்டினார். காப்பர்-டி வைத்தவருக்கு உதிரம் நீடித்தால் தொழுகைக்கு உரிய நாள் எது என்ற கேள்வி எழும். ஷாஃபி மரபில் மாதவிடாயின் உச்ச வரம்பு 15 நாள், ஹனஃபி மரபில் 10 நாள். அதற்கு மேல் போனால் அது நோயின் உதிரம், தொழலாம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி வழக்கம் வேரூன்றியது. உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகள் அதிகம். ஒரே கருவி, ஒரே உதிரம், ஆனால் ஒரு பெண் தொழுகைக்குத் திரும்பும் நாள் ஊருக்கு ஊர் மாறலாம். நகர்ந்துபோன கருவி என்று வந்துவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது இஸ்லாமியச் சட்டவியலின் ஐந்து தாய் விதிகளில் ஒன்று. அதற்கு இங்கே இரண்டாவது விளக்கம் தேவைப்படாது.

இந்து வீடுகளில் இதற்கு ஏட்டுச் சட்டம் கிடையாது, வழக்கம்தான் சட்டம். காப்பர்-டி வைத்த பிறகு நாள் தள்ளிப்போய்ப் பட்டுக்கொண்டே இருந்தால் அது தீட்டா, விளக்கேற்றலாமா, கோயிலுக்குப் போகலாமா என்று பெண்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்டுவிட்டு, பேச்சை வளர்க்க வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இதில் உள்ள கெடுதல் பூஜை தவறுவது அல்ல. நிற்காத உதிரம் ஒரு மருத்துவ எச்சரிக்கை. அதைத் தீட்டு என்று பெயரிட்டு வீட்டின் ஓரத்தில் உட்காரவைத்தால் எச்சரிக்கை யார் காதிலும் விழாமல் போகிறது. ராபி மருத்துவரைக் கேட்பதுபோல், இங்கே மாமியாரோ பாட்டியோ முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதேதான்: ரத்தம் எங்கிருந்து வருகிறது, நூல் கைக்குத் தட்டுப்படுகிறதா?

வலியில்லாமல், உதிரமில்லாமல், அடிவயிற்றில் அமைதியாகக் கிடக்கும் கருவியை என்ன செய்வது என்பது மருத்துவர்களிடையே இன்னும் ஓயாத விவாதம். எந்த வகையானாலும் எங்கே இருந்தாலும் தெரிந்தவுடன் எடுத்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பெரும்பாலான மருத்துவர்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். தொந்தரவே இல்லாதபோது வயிற்றைத் திறந்து தேடுவதில் ஆபத்து கூடுதலாக இருக்கலாம் என்று ஒரு சிறு தரப்பு சொல்கிறது. வயதான, வேறு நோய்கள் உள்ள பெண்ணின் உடலில் எங்கோ புதைந்துபோன, லூப் என்ற பழைய வகைக் கருவியை நோண்ட வேண்டுமா? தீங்கு செய்யாதே என்ற மருத்துவத்தின் ஆதி விதி இங்கே இரண்டு பக்கமும் இழுக்கிறது. தொட்டால் இன்றைக்கு நிச்சயமான ஒரு காயம். தொடாவிட்டால் நாளைக்கு வரலாம் என்ற ஒரு காயம்.

இந்த இழுபறியைத் தீர்க்கும் உரிமை யாருக்கு என்பதில்தான் தத்துவம் வந்து நிற்கிறது. புள்ளிவிவரம் மருத்துவரிடம் இருக்கிறது. ஆனால் தனக்குள் அந்நியமான ஒன்று கிடக்கிறது என்ற அறிவோடு தினமும் எழுந்து வேலை பார்ப்பவர் அந்தப் பெண்தான். பிரெஞ்சுத் தத்துவஞானி ழான்-லுக் நான்சி இதய மாற்று அறுவை செய்துகொண்ட அனுபவத்தைப் பற்றி 2000-த்தில் ஒரு சிறு நூல் எழுதினார். தன் உயிரைக் காத்த இதயத்தையே அழையாமல் நுழைந்த அந்நியன் என்று பெயரிட்டு அலசினார். உயிர் காத்த உறுப்பே அப்படித் தோன்றும் என்றால், எந்த வேலையும் செய்யாமல் உள்ளே கிடக்கும் உலோகம் எப்படித் தோன்றும்? எக்ஸ்ரேயில் பார்த்த பிறகு தூக்கம் போய்விட்டது என்று ஒரு பெண் சொன்னால் அதுவும் ஒரு நோய்க்குறிதான். ஆபத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு, இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று இன்னொரு பெண் சொன்னால் அதுவும் முறையான முடிவே. எடுத்துத் தருவது மருத்துவரின் கடமை. எடுத்துக்கொள்வது பெண்ணின் கடமை ஆகிவிடாது.

ஆனால் முடிவெடுக்க வேண்டுமானால் உள்ளே ஒன்று இருப்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதுகூடத் தெரியாமல் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1966-க்கும் 1970-க்கும் இடையில் கிரீன்லாந்தில் ஏறக்குறைய 4,500 பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் டென்மார்க் மருத்துவர்கள் லூப் வைத்தார்கள். அன்றைக்குக் கருத்தரிக்கும் வயதில் இருந்த கிரீன்லாந்துப் பெண்களில் அது பாதி. பலரிடம் சம்மதம் கேட்கவில்லை. சிலருக்குச் சொல்லவே இல்லை. பள்ளிச் சிறுமிகளும் அதில் இருந்தார்கள். குழந்தை இல்லையே என்று வருடக்கணக்கில் ஏங்கியவர்கள், வேறு எதற்கோ மருத்துவரிடம் போனபோது தங்களுக்குள் ஒரு கருவி இருப்பதை அறிந்தார்கள். நாயா லுபெர்த் என்ற பெண் 2017-ல் தன் கதையை வெளிப்படையாகச் சொன்னார். 2022-ல் டென்மார்க் வானொலி ஆவணங்களோடு இதை வெளிக்கொண்டுவந்தது. 2024-ல் 143 பெண்கள் அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். 2025-ல் டென்மார்க் பிரதமர் மெட்டெ ஃபிரெடெரிக்சன் மன்னிப்புக் கேட்டார். செப்டம்பரில் கிரீன்லாந்துத் தலைநகர் நூக்கில் அந்தப் பெண்களின் முன்னாலேயே நின்று கேட்டார். அங்கே மதம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கு நின்றது. சிகாகோவில் எடுக்க மறுத்ததும் கிரீன்லாந்தில் கேட்காமல் வைத்ததும் எதிரெதிர்த் துருவங்கள் போலத் தெரியும். இரண்டிலும் பெண்ணின் உடல் வேறு யாருடைய கொள்கைக்கோ இடமாகிப்போனது.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1965-ல் லூப் திட்டம் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கியது. கான்பூரில் ஆலை அமைத்தே லூப் தயாரித்தார்கள். மாநிலங்களுக்கு இலக்கு, மாவட்டங்களுக்கு இலக்கு. வைப்பதற்கு முகாம் போட்டவர்கள், வைத்த பிறகு உதிரம் கொட்டுகிறது என்று திரும்பி வந்தவரைக் கவனிக்க ஆள் போடவில்லை. இரண்டு மூன்று வருடங்களில் லூப்பின் பெயர் கெட்டது. மக்கள் அறியாமையால் மறுத்தார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுப் பெண் படும் பாட்டைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னவரை அறியாதவர் என்று எப்படிச் சொல்வது? அதன் விளைவை இன்றும் கணக்கில் பார்க்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் அறுவை செய்து நிரந்தரக் கருத்தடை செய்துகொண்டவர்கள். காப்பர்-டி வகை வெறும் 2.1 சதவீதம். அந்தக் குடும்பங்களில் ஆண்கள் அறுவை செய்துகொண்டது 0.3 சதவீதம்.

தமிழில் இந்தக் கேள்வியைச் சரியான இடத்தில் பிடித்தவர் பெரியார். 1930-களில் கர்ப்பத்தடை பற்றி எழுதும்போது, மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் குடும்பச் சொத்துக்காகவும் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் அதை ஆதரிக்கிறார்கள், தாம் ஆதரிப்பது பெண்ணின் விடுதலைக்காக என்று பிரித்துச் சொன்னார். காரணத்தில் உள்ள இந்த வித்தியாசம் நடைமுறையில் பெரிய வித்தியாசம். நாட்டு நலனுக்காக வைத்த கருவி இலக்கு முடியும்வரை உள்ளே இருக்கலாம் என்று அரசு நினைக்கும். பெண்ணின் விடுதலைக்காக வைத்தது என்றால், அவர் எடு என்று சொன்ன நாளில் அதன் காரணம் தீர்ந்துபோகிறது.

பிரசவம் முடிந்து 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி வைக்கும் முறை கடந்த பதினைந்து ஆண்டுகளில் அரசு மருத்துவமனைகளில் பரவியிருக்கிறது. நல்ல முறைதான். பிள்ளை பெற்ற களைப்பில் இருப்பவரை இன்னொரு முறை அலையவிடாத முறை. ஆனால் சம்மதம் எப்போது, யாரிடம் கேட்பது? வலி எடுத்து முனகும் நேரத்தில் முதல் முறையாகக் கேட்கக் கூடாது, கர்ப்ப காலத்திலேயே விளக்கியிருக்க வேண்டும் என்கிறது அரசின் சொந்த வழிகாட்டி. வராந்தாவில் நிற்கும் அம்மாவோ மாமியாரோ தலையாட்டினால் போதும் என்ற பழக்கம் சட்டத்துக்கும் ஒவ்வாது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு அவருடைய தாயின் சம்மதத்தை வைத்துக் கருப்பையை அகற்றிய வழக்கில், வயது வந்த பெண்ணின் உடலுக்குத் தாயின் சம்மதம் செல்லாது என்று 2008-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றுக்குக் கொடுத்த சம்மதத்தை இன்னொன்றுக்கு நீட்டிக்கவும் முடியாது என்றது.

வைக்கும் சம்மதத்துக்குள்ளேயே எடுக்கும் வாக்குறுதியும் அடங்கியிருக்கிறது. நீங்கள் கேட்கும்போது எடுத்துத் தருகிறோம், அது இடம் மாறினால் தேடிக் கண்டுபிடிக்கிறோம், அறுவை தேவைப்பட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழாது என்று சொல்லாமல் வாங்கிய கையெழுத்து பாதிக் கையெழுத்துதான். எடுத்துவிடுங்கள் என்று வரும் பெண்ணிடம் இன்னும் ஆறு மாதம் பொறுத்துப் பார், கணவரைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லித் திருப்பி அனுப்புபவருக்கு, சிகாகோ மருத்துவரைப் போல மத விதி எதுவும் சாக்காகக்கூட இல்லை.

தனி மனிதரின் மனசாட்சியை மதிக்கத்தான் வேண்டும். காப்பர்-டி வைப்பது தன் நம்பிக்கைக்கு விரோதம் என்று ஒரு மருத்துவர் சொன்னால், அவரைக் கட்டாயப்படுத்துவதால் சமூகத்துக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வைப்பதற்கு வேறு ஆள் உண்டு, காத்திருக்கவும் முடியும். அந்த மனசாட்சியின் எல்லை அந்த மறுப்போடு முடிகிறது. துளைத்துக்கொண்டு போன கருவியோடு வாசலில் நிற்பவரிடம் இதை யார் வைத்தது, ஏன் வைத்தாய் என்ற விசாரணைக்கு இடமில்லை. 2016-ல் சிகாகோ அமைந்த இல்லினாய் மாநிலம் தன் மனசாட்சிச் சட்டத்தைத் திருத்தியபோது ஏறக்குறைய இந்தக் கோட்டைத்தான் போட முயன்றது: மறுக்கும் மருத்துவரும் நோயாளிக்கு அவருடைய நிலையையும் கிடைக்கக்கூடிய சிகிச்சைகளையும் சொல்ல வேண்டும், கேட்டால் வேறு இடம் காட்ட வேண்டும். மத அமைப்புகள் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயின. இடம் காட்டுவதுகூடப் பாவத்தில் பங்கு என்பது அவர்கள் வாதம். இடம் மாறிய கருவியைப் பொறுத்தவரை இந்தச் சட்டமே குறைவு. இடம் காட்டினால் போதாது, எடுத்துத் தர வேண்டும்.

இங்கே செய்யக்கூடியது ஒன்று கையருகில் இருக்கிறது. மத்திய அரசின் திட்டத்தில் பிரசவத்துக்குப் பின் காப்பர்-டி வைத்துவிடும் மருத்துவப் பணியாளருக்கு 150 ரூபாயும், பெண்ணை அழைத்துவரும் ஆஷா பணியாளருக்கு 150 ரூபாயும் ஊக்கத்தொகை. வைப்பதற்கு விலை வைத்த அரசு, நூல் தெரியவில்லை என்று வரும் பெண்ணை ஸ்கேனுக்கும் எக்ஸ்ரேவுக்கும் கூட்டிப்போய், கருவி எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து பதிவேட்டில் எழுதும் செவிலியருக்கும் அதே 150 ரூபாயைக் கொடுக்கலாம். பிரசவ வார்டில் தரும் அட்டையில் வைத்த தேதிக்கும் மாற்ற வேண்டிய தேதிக்கும் கீழே மூன்றாவதாக ஒரு கோடு போட்டு, நூல் காணாமல் போனால் எந்த நாளில், எந்த மருத்துவமனையில், யாரிடம் போக வேண்டும் என்று தமிழில் எழுதித் தரலாம்.